கிளுவை முள்ளும் பிறத்தியாரும்

ஐயாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்தது கழுத்து. சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். அது வருவதற்குள் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். நான் போகமாட்டேன். எனக்கும் அதே காது, அதே கழுத்து. அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று சிவந்துகொண்டிருப்போம். எங்கள் சண்டைகளின் காரணங்கள் இன்று பாதிக்குமேல் மறந்துபோய்விட்டன. காதுகள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன.

அந்தக் காலத்தில் நான் பண்டத்தரிப்பில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, எங்கேயாவது சவர்க்காரம் வந்திருக்கிறது என்றால் அது ஊர் முழுக்கச் செய்தி. ரியூசனுக்கு மட்டும் ஒரு குறையும் இருக்கவில்லை. கிடுகு வேய்ந்த கொட்டில். ஓரத்தில் இருப்பவர் எழும்பினால் மற்ற ஓரத்தில் இருப்பவர் விழுந்துவிடும் வாங்குகள். தெருவால் போகிற மாடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அங்கேதான் நான் நிர்ப்பீடனம் படிப்பித்தேன்.

நிர்ப்பீடனம் என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகளின் முகம் சுண்டிப்போகும். நோய் அண்டாமல் உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் என்பதுதான் பொருள். "பீடை பிடிக்காமல் இருக்கிறது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்பேன். உடனே விளங்கிவிடும். பீடை என்றால் என்னவென்று அந்த நாளில் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

"அதிலை ரெண்டு வகை. ஒண்டு பிறக்கேக்கையே கூட வாறது. மற்றது ஆளைக் கண்டு, பழகி, ஞாபகம் வைச்சுப் படிக்கிறது. முதலாவதுக்குப் பொறுமை எண்டதே கிடையாது. தோலுக்குக் கீழை எப்பவும் காவலுக்குக் குழியங்கள் நிக்குது. முள்ளு குத்தட்டும், கிருமி வரட்டும், நீ ஆர், எவ்விடம், ஆரின்ரை பிள்ளை எண்டு ஒண்டும் விசாரிக்காது. பிறபொருள் எண்டு தெரிஞ்சால் காணும். உடனை சத்தம் போடும்."

அந்தச் சத்தம் உண்மையில் ஒரு இரசாயனப் பொருள். இசுற்றமின் என்று பெயர். இன்னும் சிலவும் அதோடு சேரும். அவை கசிந்ததும் பக்கத்திலுள்ள மயிர்க்குழாய்கள் விரியும், இரத்தம் கூடுதலாக ஓடிவரும். சிவப்பும் சூடும் அதனால்தான். குழாய்ச் சுவர்கள் இளகி நீர் வெளியே கசியும். வீக்கம் அதனால். வீக்கமும் அந்த இரசாயனங்களும் நரம்பைச் சீண்டுவதால் நோ. இந்த நாலும் சேர்ந்ததுதான் அழற்சி. அந்தக் கசிவோடு கசிவாக இரத்தத்திலிருந்து வெண்குழியங்கள் புகுந்து ஓடிவரும். முதலில் வந்து நிற்பதற்கு நடுநிலைநாடி என்று பெயர்.

"பேரைப் பாத்து ஏமாறாதேங்கோ. நடுநிலை எண்டது சாயம் பிடிக்கிறதிலை மட்டும்தான். சண்டையெண்டால் உதுதான் முதல் ஆள். கிருமியை விழுங்கும், அந்தச் சண்டையிலேயே தானும் செத்துப்போகும். அப்பிடிச் செத்துக் குவிஞ்சதைத்தான் நாங்கள் சிதழ் எண்டு பிதுக்கி விடுறம்."

முன்வாங்கில் இருந்த ஒரு துடியாட்டக்காரி கையை உயர்த்தினாள். "ரீச்சர், அப்ப அது உங்கடை ஐயாவைப் போலையோ?"

கொட்டிலே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. எங்கள் ஒழுங்கையால் தெரியாத சைக்கிள் ஒன்று போனால் ஐயா படலையடிக்கு வந்து "ஆர் அது?" என்று கேட்பார் என்பது அந்த வகுப்புக்கே தெரியும். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள். மீதிப் பேர் பதில் சொல்லாமல் வேகமாக உழக்கித் தப்பியவர்கள்.

அதே ரியூட்டரியில் பௌதிகம் படிப்பித்தவர் வல்வெட்டித்துறைக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய குடும்பம். இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் குமட்டிச் சத்தி வரும். அதனால்தான் பௌதிகத்துக்கு வந்தேன் என்று தானே சொல்லிச் சிரிப்பார். ரியூட்டரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெண்கட்டிக்குத் தட்டுப்பாடான நாட்கள். ஒருநாள் தன்னிடமிருந்த ஒரே கட்டியை உடைத்து, பெரிய பாதியை எனக்குத் தந்துவிட்டு, சின்னதை நகத்தால் பிடித்துக்கொண்டு சமன்பாடு எழுதப் போனார். அன்றே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஒளித்து மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஐயாவிடம் நேரே போய் இவரைத்தான் கலியாணம் செய்யப்போகிறேன் என்று சொன்னேன். காது சிவந்தது. கழுத்து சிவந்தது.

"பிறத்தியாருக்குப் பெட்டை குடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை."

பிறத்தி என்றால் வெளி ஆள், நமக்குச் சொந்தமில்லாத ஆள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேலி மிகக் கிட்டத்தில் இருந்தது. அடுத்த ஊர்க்காரனே பிறத்திதான். தோட்டம் செய்கிற எங்களுக்குக் கடலோடும் குடும்பம் என்றால் பிறத்தியிலும் பிறத்தி.

"நீங்கள் அவரோடை ஒரு நாளாவது கதைச்சுப் பாத்தனீங்களே, ஐயா?"

"கதைக்கத் தேவையில்லை. பிறத்தியெண்டு தெரிஞ்சால் காணும்."

வகுப்பில் நான் சொன்ன அதே வசனம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு சொன்னேன். "உங்கடை சம்மதம் இல்லாமல் நான் அவரைச் செய்யமாட்டன். வேறை ஒருத்தரைச் செய்யவும் மாட்டன். எனக்கு நீங்களும் வேணும், அவரும் வேணும்." ஐயா எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வேண்டியதையெல்லாம் அம்மா வழியாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் விளையாட்டு மாதிரி. அவருடைய சுபாவம் அப்படி. அவருடைய வலது மேற்கையில் ஒரு ஷெல் துண்டு இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு, தென்னைக்கு அப்பால் ஷெல் குண்டு ஒன்று விழுந்து வெடித்தபோது வந்து ஏறியது. நரம்புக்குக் கிட்ட இருக்கிறது, தோண்டாமல் விடுவதே நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதலில் கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, பிறகு மெல்ல வற்றி, கடைசியில் கச்சான் கொட்டை அளவில் ஒரு திரட்சி மட்டும் மிஞ்சியது. யாராவது துக்கம் விசாரிக்கிற குரலில் அதைப் பற்றிக் கேட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. "கிடக்கட்டும்" என்பார். "அது என்னை ஒண்டும் செய்யிறேல்லை, நானும் அதை ஒண்டும் செய்யிறேல்லை." மழை வரப்போகிறது என்றால் அந்தக் கை முதலே உளைந்து சொல்லிவிடும். கொடியில் காயும் உடுப்பை எடுக்க அது உதவியது.

எங்கள் வளவின் பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் புகுந்து போகக்கூடிய இடைவெளி. அதால் போனால் றோட்டு கிட்ட. நான் வகுப்புக்குப் போவது அதால்தான். பௌதிக மாஸ்ரரும் ஒருநாள் அதால் வந்து, அம்மாவிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தார். அதை யாரோ ஐயாவின் காதில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளே ஐயா வேலி அடைக்கத் தொடங்கினார். மாரி தொடங்கியிருந்தது, மண் இளகியிருந்தது. முள் நிறைந்த கிளுவை மரத்தில் புதுக் கதியால் தடிகள் வெட்டி, நெருக்கி நட்டு, கீழே கருக்கு மட்டை வைத்து, மேலே முள்ளுக் கந்துகள் செருகி, வரிந்து கட்டினார். உதவிக்குக் கூப்பிட்டவரையும் இறுக்கமாகக் கட்டவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பொட்டு இருந்த இடத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூடப் புகமுடியாது. அடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் சுற்றி முன்படலையால் போய், சேற்றில் சறுக்கி, வகுப்புக்குப் பிந்திப் போனேன். வழி முழுக்க வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன்.

வேலி அடைக்கும்போது ஒரு கிளுவை முள் ஐயாவின் காலில் ஏறியிருக்கிறது. வெறுங்கால்தானே. வெளியே நின்றதை முறித்து எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரை வெளியே நிறுத்த அடைத்தாரோ அவரை அந்த வேலி ஒன்றும் செய்யவில்லை, அடைத்தவரைக் குத்திவிட்டது என்று எப்படிச் சொல்வார்?

விடிய ஐயா குதியால் நடப்பதைக் கண்டேன்.

"அம்மா, உங்கடை மனுசனைக் காலைக் காட்டச் சொல்லுங்கோ."

"இஞ்சேரும், ஒண்டும் இல்லையெண்டு உம்மடை மேளிட்டைச் சொல்லும்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவையளுக்கு நான் ரெலிபோன்" என்று சொல்லி ஐயாவின் காலைப் பிடித்துத் தூக்கினார். பெருவிரலுக்குக் கீழே சிவந்து, பளபளத்து, வீங்கியிருந்தது. தொட்டேன். சுட்டது. ஐயா காலை இழுத்தார். சிவப்பு, சூடு, வீக்கம், நோ. பாடத்தில் எழுதியபடி நாலும் வரிசையாக நின்றன. எனக்குள் இருந்த ரீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் ஐயாவுக்குச் சொன்னேன். காவல் நிற்கும் குழியங்கள், அவை போடும் சத்தம், விரியும் குழாய்கள், ஓடிவரும் நடுநிலைநாடிகள். ஆரென்று விசாரிக்காமல் அடிப்பது என்ற இடம் வந்ததும் ஐயாவின் முகம் மலர்ந்தது. அம்மாவையும் மறந்து நேரே என்னிடம் கதைத்தார்.

"அப்ப என்ரை கால் சரியாத்தானே வேலை செய்யுது? பிறத்தி வந்தால் அடிக்கத்தானே வேணும்?"

"வந்த முள்ளு எவ்வளவு ஐயா? ஒரு நுனி. அதாலையே உங்களுக்கு இவ்வளவு நோ? உங்கடை ஆக்கள் அடிக்கிற அடியிலைதான் உங்கடை கால் வீங்கிக் கிடக்கு. வந்தது சின்னன். ஆர்ப்பாட்டம்தான் பெரிசு."

காது சிவந்தது. "நீ காலைப் பற்றிக் கதை."

"காலைப் பற்றித்தான் கதைக்கிறன்."

அம்மா உப்பு ஒத்தடம் போட்டார். கேட்கவில்லை. அடுத்தடுத்த நாளில் கால் மொந்தை மாதிரி ஆகி, காய்ச்சலும் வந்து, தொடையிடுக்கில் நெறியும் போட்டுவிட்டது. கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. "காலமை பின்னேரம் தேவாரம் பாடி, சைவநெறி தவறாத மனுசன். நெறி போடாமல் வேறை என்ன போடும்" என்றார் அம்மா. ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சிரிக்கத் தெம்பு இல்லை. நான் சிரிக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறத் தொடங்கியிருந்தது. காவல்காரர்களின் கையை மீறிப் போகிறது என்பதற்கு அது அடையாளம். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன் என்று நினைத்து அடுப்படிக்குள் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாகனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணை ஜேர்மனியில். ஐயாவோ நல்ல பாரமான ஆள். என் சைக்கிளில் ஏற்றினால் இரண்டு பேரும் வாய்க்காலுக்குள்தான் கிடப்போம். நான் இப்படி யோசித்துக்கொண்டு நிற்க, அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படலையடிக்குப் போய், வகுப்புக்குப் போகிற பிள்ளை ஒன்றை மறித்து, "பௌதிக மாஸ்ரரைக் கையோடை வரச்சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

அவர் முன் ஒழுங்கையால், முழங்கால் வெள்ளத்துக்குள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஐயா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"ஆர் அது?"

"நான் பௌதிகம், ஐயா."

பதற்றத்தில் தன் பெயரைச் சொல்ல மறந்துபோனார். ஐயாவுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. ஒரு கண்ணைத் திறந்து, ஈரம் சொட்ட நின்றவரை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். முன் ஒழுங்கையால் இந்தக் காலோடு போக முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"பின்பக்கத்தாலை போவம்" என்றார் ஐயா.

"பின்பக்கம் அடைச்செல்லோ கிடக்கு" என்றார் அம்மா, ஒன்றும் அறியாதவர் போல.

"அடைச்சதைப் பிரிக்கேலாதோ? நான்தானே அடைச்சனான். நான் சொல்லுறன், பிரியுங்கோ."

மாஸ்ரர் கத்தியை வாங்கிக்கொண்டு போனார். வரிந்து கட்டிய கட்டு ஒவ்வொன்றையும் அறுத்து, கருக்கு மட்டையை இழுத்து, புதுக் கதியால்களைப் பிடுங்கினார். ஐயா கட்டிய கட்டு அவ்வளவு லேசில் விடுமா? கையெல்லாம் கீறி இரத்தம் வந்தது. சாய்மனையில் இருந்தபடியே ஐயா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் போட்டார்.

"கவனம், முள்ளு!"

வைத்தவரே சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பின்கரியரில் ஐயா, காலை நீட்டிக்கொண்டு. ஒரு கையால் இருக்கையைப் பிடித்திருந்தார், மாஸ்ரரில் கை படாமல். நான் என் சைக்கிளில் பின்னால். எதிர்க்காற்று. குண்டும் குழியுமான றோட்டு. முதலாவது பள்ளத்தில் ஐயா மாஸ்ரரின் சேட்டு நுனியைப் பிடித்தார். இரண்டாவதில் இடுப்பைப் பிடித்தார். அதற்குப் பிறகு விடவேயில்லை. நல்ல தூரம் போனபிறகு அவருடைய குரல் கேட்டது.

"உமக்குக் கடலுக்குப் போனால் சத்தி வருமாமே?"

"ஓம் ஐயா."

"வல்வெட்டித்துறையிலை பிறந்த ஆளுக்கோ?"

"அதைத்தான் எங்கடை அப்பாவும் கேக்கிறவர். உன்னை நான் ஆரெண்டு சொல்லுறது எண்டு."

ஐயாவின் முதுகு குலுங்கியது. காய்ச்சல் நடுக்கமாக்கும் என்று பயந்து, வேகமாக உழக்கிப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர். தூக்கமில்லாத கண், ஆனால் நல்ல பகிடிக்காரர். காலை அமத்திப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை சிதழ் கட்டியிருக்கு. கீறவேணும். விறைப்பூசி முடிஞ்சுது ஐயா, கொஞ்சம் பல்லைக் கடிக்கவேண்டி வரும்" என்றார். மருந்துப் பெட்டிகள் எங்கள் பக்கம் வந்து சேராத காலம் அது. கத்தியைக் கண்டதும் ஐயாவின் வீரம் முழுக்க இறங்கிவிட்டது. கைக்குக் கிட்ட இருந்த ஒரு கையை எட்டிப் பிடித்தார். அது மாஸ்ரருடைய கை. நான் மற்றப் பக்கத்தில் நின்றேன்.

டொக்டர் குனிந்து, விளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் அமத்தினார். உள்ளே ஏதோ இருப்பது அவருக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. பிறபொருள் என்று சொன்னால் தோட்டக்கார ஐயாவுக்கு விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ, ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்.

"ஐயா, பிறத்தி ஒண்டு உள்ளுக்கை நிக்குது. அதை வெளியிலை அனுப்பினால்தான் உங்களுக்குச் சுகம் வரும்."

ஐயா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

"வேண்டாம் டொக்டர்! உவரை அனுப்பாதேங்கோ. உவர் நிக்கட்டும். உவர் பிறத்தி இல்லை, எங்கடை ஆள்!"

டொக்டர் ஐயாவைப் பார்த்தார், மாஸ்ரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கெட்டிக்காரர், எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயா, நான் முள்ளைச் சொன்னனான்."

தாதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். ஐயாவின் காது சிவந்தது. எனக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து டொக்டர் கீறினார். ஐயா போட்ட சத்தம் றோட்டுக்கே கேட்டிருக்கும். சிதழோடு சேர்ந்து கிளுவை முள்ளின் நுனியும் வெளியே வந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. மாஸ்ரரின் கையை ஐயா நெரித்த நெரியில், அந்தக் கிழமை முழுக்க அவர் இடக்கையால்தான் கரும்பலகையில் எழுதினார். ஒரு பிள்ளைக்கும் எழுத்து விளங்கவில்லை.

கட்டுப் போட்டு, குளிசை தந்து, கடைசியில் ஏற்பூசி போட்டார்கள். முள், ஆணி குத்தினால் போடும் ஊசிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். காயத்தால் கிருமி ஏறி உடம்பை விறைக்க வைக்கும் ஏற்பு என்ற நோய் வராமல் தடுப்பது அதன் வேலை. "இது வேறை ஏற்பு ஐயா. நீங்கள் ஊசிக்கு முதலே ஏத்துக்கொண்டியள்" என்றார் டொக்டர். ஐயா கேட்காத மாதிரி யன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐயா சாய்மனையில் இருந்தபடி, "அது காய்ச்சலிலை சொன்னது" என்றார்.

"அம்மா, காய்ச்சலிலை சொன்னது செல்லுமோ எண்டு உங்கடை மனுசனிட்டைக் கேளுங்கோ."

"நான் இனி ரெலிபோன் இல்லை" என்றுவிட்டு அம்மா தேங்காய் துருவப் போனார்.

முள் போனபிறகு கால் கெதியாக வற்றியது. சண்டை முடிந்த இடத்துக்கு வேறு குழியங்கள் வரும். செத்ததை விழுங்கித் துப்புரவாக்கி, கிழிந்ததைத் தைத்துவிட்டுப் போகும். சிவப்பு மங்கி, தோல் சுருங்கி உரியத் தொடங்கியது. ஆனால் கலியாணத்தைப் பற்றி ஐயா வாய் திறக்கவில்லை. ஓம் என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேருக்கும் காது சிவக்கும், ஆறியது திரும்ப வீங்கும் என்று பயம்.

ஒரு பின்னேரம் ஐயா தானாகவே கேட்டார்.

"பிள்ளை, முள்ளுக்கு இந்தப் பாடு படுத்தின உடம்பு, கொம்மாவின்ரை கைக்கை கிடக்கிறதை ஏன் விட்டு வைச்சிருக்கு? அதுவும் பிறத்திதானே?"

"முதல் அதுக்கும் வீங்கினதுதானே ஐயா? நீங்கள்தானே ஒத்தடம் போட்டனீங்கள். வெளியிலை தள்ளிப் பாத்துது, ஏலேல்லை. ஆனால் அதிலை கிருமி மிஞ்சேல்லை, அது கெடுதலும் செய்யேல்லை. பிறகு அடிக்கப் போன குழியங்களே அதைச் சுத்தி நிண்டு, மெல்ல மெல்ல ஒரு உறை கட்டிப்போட்டுதுகள். இப்ப அது அம்மாவின்ரை சதையோடை சதை."

"அப்ப அதுகள் தோத்துப் போச்சுதுகளோ?"

"இல்லை ஐயா. சமாளிச்சுப் போட்டுதுகள்."

"ம்" என்றார். வெகுநேரம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்மா அந்தக் கையால்தான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மாஸ்ரர் வந்தார். சைக்கிளில் ஒரு கட்டுக் கிளுவங் கதியால். பிரித்த வேலியைத் தானே அடைத்துத் தருவதாக அவர் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நானே தடுத்திருப்பேன். நல்ல மனிதர்தான், ஆனால் எதை எந்த நேரத்தில் செய்வது என்று தெரியாத பௌதிகக்காரர். நேரே பின்பக்கம் போய், கதியாலை இறக்கி வைத்துவிட்டு, பொட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிரிச்சது நான்தானே ஐயா. அடைச்சு விடுறன்."

ஐயா கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றி எழும்பினார். நொண்டிக்கொண்டு வேலியடிக்குப் போனார். பிரிந்து கிடந்த பொட்டைப் பார்த்தார். அதற்குள்ளால் தெரிந்த றோட்டைப் பார்த்தார். மாஸ்ரரின் கையில் இன்னும் ஆறாமல் கிடந்த முள்ளுக் கீறல்களைப் பார்த்தார். நான் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றேன்.

"கிடக்கட்டும்" என்றார் ஐயா. "நீர் அதாலைதானே வந்து போகவேணும்."

அடுப்படி வாசலில் நின்ற அம்மா மாப் பிடித்த கையோடு சிரித்தார். ஐயாவின் காது சிவந்தது. கழுத்தும் சிவந்தது. அடுத்தது சத்தம் வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.